எத்தனை மாற்று

கூட்டுறவு வங்கியில் பகலெல்லாம் தங்கம் உரசுகிறேன்.
கருங்கல்லில் ஒரு கோடு,
கோட்டின் மேல் ஒரு சொட்டுத் திராவகம்.
நின்றால் நகை. கரைந்தால் பித்தளை.
இருபத்திரண்டு, இருபது, பதினெட்டுக்கும் கீழே
என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரு சங்கிலிகூட என்னை ஏமாற்றியதில்லை,
ஒன்றைத் தவிர. அது வேறு கதை.

ஞாயிறு சாயங்காலம் சுருட்டுக்கு.

கப்பலில் சமையல் செய்யும் ஹபீப்
விடுப்பில் வரும்போதெல்லாம்
காஜிமார் தெருவிலிருந்து பொட்டலம் வரும்.
ஐந்து இருக்கும், சிலசமயம் ஆறு.
கியூபா, நிகராகுவா, ஹோண்டுராஸ்.
காகித மோதிரம் போட்டு
மாப்பிள்ளைகள் மாதிரி படுத்திருக்கும்.
முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றிவிடுவேன்.
பேர் தெரிந்தால் உரைகல்லும் பொய் சொல்லும்.

எவர்சில்வர் தூக்கில், நனைத்த செங்கல் துண்டோடு வாசம்.
சித்திரையில் அந்தச் செங்கல்
நாளைக்கு இரண்டுதரம் தண்ணீர் கேட்கும்.

கோடு போட்ட நோட்டில் நான்கு பத்தி:
சுற்று, இழுப்பு, சாம்பல், ருசி.
பெட்டி அட்டையில் தோல், தேவதாரு, கொக்கோ என்றிருந்ததாம்.
தேவதாருவை நான் எங்கே கண்டேன்?

'முதல் பாதி பருத்திப்பால், சுக்கு தூக்கல்.
நடுவில் கீழமாசி வீதி,
மிளகாய் இறக்கிய பின் உதறிய சாக்கு.
கடைசி விரற்கடை,
ஊதுகுழலைத் தவறி உள்ளே இழுத்தது போல. 87.'

'இழுப்பு இறுக்கம். வங்கிப் பேனா. 72.'

'மழை வருவதாகச் சொல்லி வராமல் போன
ஆனையூர்க் கண்மாய். 91.'

தொண்ணூற்றைந்து ஒன்றுக்குத்தான் போட்டேன்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
எதிர் மாடியில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.
அதில் வெங்காயத்தின் பங்கு எத்தனை என்று
நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

கொடித் துணியை அவசரமாக உருவிக்கொண்டே
செண்பகவடிவு கேட்பாள்:
"மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கிறவளுக்கு
எத்தனை மார்க்கு?"

புரட்டாசியில் ரசம் எரிந்தது.
நாக்கின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளை.

பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டர்
நாக்கைத் துணியால் பிடித்து
விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தார்,
நான் வளையலைத் திருப்புவது போலவே.
பிறகு நீலமாக ஒரு சொட்டு.
வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.
நீலம் நின்றது.

என் தொழிலில் நிற்பது நல்லது.
அவர் தொழிலில் அப்படி இல்லை.

துணுக்கு ஒன்று வெட்டி அனுப்பினார்கள்.
பதினோராம் நாள் தாளில் வந்தது:
இரண்டாம் தரம். மிதமானது.
"மார்க்கு மோசமில்லையே" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பாசிப்பயறளவு எடுத்தார்கள்.
நிறுத்தால் ஒரு குன்றிமணிகூடத் தேறாது.

மார்கழியில் ஹபீப் வந்தார், விவரம் தெரியாமல்,
ஒற்றைச் சுருட்டோடு. இதுவரை கொண்டுவராத ஜாதி.
மோதிரத்தைக் கழற்றினேன்.
காதருகே வைத்து உருட்டினேன்.
நரம்பு மெலிசு, தழும்பு இல்லை.
முதல் பத்தியை நிரப்பினேன்.

"நீங்க இழுங்க, நான் எழுதிக்கிறேன்."

செண்பகவடிவின் உத்தரவுப்படி
காற்று வரும் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.
ஹபீப் இழுத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"நல்லாருக்கு."
"எப்படி நல்லாருக்கு?"
"ராத்திரி கப்பல்ல, எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவுத்துட்டு
மேல்தளத்துக்கு வந்து நிப்போம்ல,
அது மாதிரி."

நான் கடல் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒரே ஒருதரம்,
பகலில், கூட்டத்தோடு.

சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.
எத்தனை போடலாம் என்றேன்.
உங்க இஷ்டம் என்றார்.
அந்த இடத்தைக் காலியாக விட்டு
நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
இங்கே ஒரு கையெழுத்து.